வாசகசாலையில் கண் திறந்த குதிரை

பாகூர்,
1937, மார்கழி மாதம், புதன்கிழமை.

சைகோன் பட்டணத்துக் கச்சேரியில் பெரிய குமாஸ்தாவாக விளங்கும் மகாராஜராஜஸ்ரீ மச்சான் அரங்கநாதன் அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் தங்கை தையலம்மாளின் புருஷனும், தாங்கள் இந்த ஊருக்கு உபகரித்த வாசகசாலையின் கவுரவக் காரியதரிசியுமாகிய மணவாளன் அனேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் தங்கள் தங்கையும் பிள்ளைகளும் கறவை மாடுகளும் சுகம். அவ்விடம் தாங்களும் குடும்பத்தாரும் சுகமாக இருப்பதற்கு எழுத வேண்டியது. ஏரி நிரம்பியிருக்கிறது. பயிர் பச்சையாக நிற்கிறது. சுகம் என்று எழுதுவது முறையாகையால் எழுதினேனே தவிர, உண்மையில் நான் மீன் தின்று ஒரு மாதத்துக்கு மேலாகிறது. அதற்குக் காரணம் தாங்கள்தான்.

தாங்கள் ஆடி மாதம் எழுதிய கடிதத்தை நான் மறக்கவில்லை. சைகோனில் ஒரு புத்தகசாலைக்குத் தாங்கள் போனதாகவும், அங்கே ஒரு துரைசானியம்மாள் பள்ளிக்கூடம் இல்லாத வியாழக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து, யானை, கரடி, ஒட்டைச்சிவிங்கி முதலான மிருகங்களின் கதையைப் படித்துக்காட்டி, பிறகு காகிதத்தாலும் பசையாலும் அந்த மிருகங்களையே செய்யச் சொல்வதாகவும், அதைப் பார்த்துத் தாங்கள் கண்ணீர் விட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். அதேபோல நம் வாசகசாலையிலும் நடக்கவேண்டும், பிள்ளைகளும் மிருகங்களும் புத்தகங்களும் சேர்ந்து இருக்கும் போட்டோ ஒன்று பொங்கலுக்குள் தங்கள் கைக்கு வரவேண்டும், வராவிட்டால் வாசகசாலை இருக்கிற வீட்டைச் சாராயக் குத்தகைதாரர் உலகநாதனுக்கு வாடகைக்கு விட்டுவிடுவேன் என்றும் எழுதியிருந்தீர்கள். தங்கள் வீடு, தங்கள் இஷ்டம். ஆனால் இந்த ஊரில் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு சாராயக் கடையும் திரும்பி வருகிற வழியில் ஒரு சாராயக் கடையும் ஏற்கெனவே உண்டு. வாசகசாலை ஒன்றே ஒன்றுதான். எனக்கும் காரியதரிசி என்பதைத் தவிர வேறு பட்டம் கிடையாது. நான் நின்ற போன கொம்மூன் சபை எலெக்ஷனில் செத்தவர்கள்கூட எழுந்து வந்து வோட்டுப் போட்டார்கள். அவர்களில் ஒருவர்கூட எனக்குப் போடவில்லை. தாங்கள் அனுப்பிய சாய்வு நாற்காலியில் மத்தியானம் பத்திரிகையை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருக்கும்போதுதான் நானும் ஒரு மனுஷன் என்று எனக்குத் தோன்றும். ஆகையால் எப்பாடு பட்டாவது இந்த மிருகக் காரியத்தை நடத்திவிடுவது என்று இறங்கினேன்.

முதல் வியாழக்கிழமைக்குத் தண்டோரா போட்டேன். ஒரு பிள்ளைகூட வரவில்லை. விசாரித்ததில், வியாழக்கிழமை பள்ளிக்கூடம் இல்லாததால் எல்லாப் பிள்ளைகளும் மாடு மேய்க்கப் போய்விட்டதாகத் தெரிந்தது. மிருகத்தின் பின்னால் நாளெல்லாம் ஓடுகிற பிள்ளையை மிருகம் செய்ய வா என்றால் எப்படி வரும்? இது சைகோன் துரைசானிக்கு ஏற்படாத சங்கடம். அடுத்த வாரம், மாடுகளையும் ஓட்டிக்கொண்டு வரலாம், வாசகசாலைத் தோட்டத்தில் கட்டிக்கொள்ளலாம் என்று மறுபடியும் தண்டோரா போட்டதில் கொஞ்சம் பேர் வந்தார்கள். தங்கள் தங்கை அரிசி மாவில் பசை காய்ச்சிப் பெரிய தவலையில் அனுப்பியிருந்தாள். நான் கரடியின் குணாதிசயங்களைப் படித்து முடித்துத் தலையைத் தூக்கிப் பார்க்கிறேன், தவலை காலி. யாரோ ஒரு பயல் வீட்டுக்கு ஓடி உப்பு எடுத்து வந்திருக்கிறான். "நல்லா கீது, இன்னும் கொஞ்சம் நீர்க்கக் காச்சச் சொல்லுங்க" என்று எனக்கே யோசனை சொன்னான். அதற்கடுத்த வாரம் பாகூர் பிள்ளைகள் மட்டுமல்ல, சுற்று வட்டாரத்துப் பிள்ளைகளெல்லாம் ஆளுக்கொரு ஏனத்தோடு வந்து சேர்ந்தார்கள். வருகை அமோகம் என்று அப்போது தங்களுக்கு எழுதினேன் அல்லவா, அது இந்த வருகைதான். பசை இப்படிப் போயிற்று. கத்தரிக்கோலைப் பற்றிச் சொல்வதானால், தாங்கள் அனுப்பிய பிரஞ்சுப் படப் புத்தகத்தில் இருந்த சிங்கத்தை வளைத்து வெட்டி எடுத்துவிட்டார்கள். இப்போது அந்தப் பக்கத்தைத் திறந்தால் சிங்கம் இருந்த ஓட்டை வழியாக அடுத்த பக்கத்துக் கரடியின் பின்புறம் தெரிகிறது.

இந்தக் கூட்டத்தில் சேரிப் பிள்ளைகளும் வந்தார்கள். சகலரும் வரலாம் என்று தாங்கள் எழுதியிருந்ததால் நான் தடுக்கவில்லை. நான் அப்படிப்பட்டவன் அல்ல என்பது தங்களுக்குத் தெரியும். வெளித் தாழ்வாரத்தில் காற்று நன்றாக வருமென்று, அவர்கள் சவுகரியத்தை உத்தேசித்தே, அங்கே உட்காரச் சொன்னேன். தாங்கள் அனுப்பிய சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற பலகை கூடத்தின் உள்ளே தொங்குகிறது. தாழ்வாரத்தில் இருப்பவர்களும் ஜன்னல் வழியாக அதைப் படிக்கலாம், படிக்கத் தெரிந்தால்.

காகிதமும் பசையும் தோற்றுப்போனதால், தின்ன முடியாத பொருளாக இருக்கட்டும் என்று ஏரிக் களிமண்ணுக்கு மாறினேன். களிமண் என்றதும் பிள்ளைகளின் கை பேசத் தொடங்கிவிட்டது. ஆனால் நான் எந்த மிருகத்தின் கதையைப் படித்தாலும் அவர்கள் மாடுதான் செய்தார்கள். யானை என்றால் மூக்கு நீண்ட மாடு. சிங்கம் என்றால் சடை விழுந்த மாடு. ஒட்டைச்சிவிங்கியின் படத்தைக் காட்டிய அன்று, பவுனம்மாள் மகள் சின்னபொண்ணு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பவுனம்மாள் நம் களத்தில் வேலை செய்கிறவள், தங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவளும் வாய் சும்மா இருக்காதவள்தான்.

"இது இன்னா மாடு ஆண்டே?" என்றாள் சின்னபொண்ணு.

"மாடு இல்ல. ஒட்டைச்சிவிங்கி."

"பால் கறக்குமா?"

"கறக்காது."

"ஏர் ஓட்டுமா? வண்டி இஸ்க்குமா?"

"அதெல்லாம் செய்யாது. சும்மா இருக்கும். உசரத்துல இருக்கிற எலையத் தின்னும்."

"ஒண்ணும் செய்யாம தின்னுகினு நிக்குமா?" என்று கொஞ்சம் யோசித்தாள். "அப்ப அது ஆண்ட வூட்டுதா?"

கூடத்தில் இருந்த பிள்ளைகள் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். காரியதரிசியாக இருப்பவன் எதையெல்லாம் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது பாருங்கள்.

இந்தச் சின்னபொண்ணுதான் குதிரையைச் செய்தவள். கூடத்தில் இருந்த பிள்ளைகளுக்கு இடம் நெருக்கடி, கைக்குள் அடங்குகிற மாடுதான் செய்ய முடிந்தது. தாழ்வாரத்தில் இடம் தாராளம். வாராவாரம் ஏரியில் இருந்து மண்ணைச் சுமந்து வந்து, வைக்கோலைப் பிசைந்து சேர்த்து, கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு குதிரையை நிறுத்திவிட்டாள். ஏரிக்கரை அய்யனார் கோயில் குதிரைகளை மடை மேட்டில் நின்று தூரத்தில் இருந்தே பார்த்துக்கொண்டவள். கழுத்தைத் தூக்கி, முன்காலை ஊன்றி, இப்போது கனைக்கப்போகிறது என்பதுபோல நின்றது. மச்சான், எனக்குக் கலை ஞானம் கிடையாது என்று தாங்கள் பலமுறை சொல்லியிருக்கிறீர்கள். ஆனாலும் அந்தக் குதிரையைப் பார்த்து எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. போட்டோ கிடைத்துவிட்டது, வாசகசாலை பிழைத்தது, உலகநாதன் தோற்றான் என்று நினைத்துக்கொண்டேன். ஐப்பசிக் கடைசியில், புதுச்சேரிப் பட்டணத்துப் போட்டோக்காரரை மறுநாள் காலையில் வரச்சொல்லி ஆள் அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் எல்லாம் தயாரா என்று பார்த்துக்கொண்டு வந்தபோது குதிரைக்குக் கண் இல்லாததைக் கவனித்தேன். கண் இருக்கிற இடம் வழுவழுவென்று வெறுமையாக இருந்தது. குருட்டுக் குதிரையைச் சைகோனுக்கு அனுப்பினால் தாங்கள் என்ன நினைப்பீர்கள்? பலகை எழுதுகிற தூரிகையை எடுத்து மேஜையில் இருந்த நீல மையில் தோய்த்தேன்.

"வாணாம் ஆண்டே," என்றாள் சின்னபொண்ணு. "கண்ணு வச்சா சாமியாயிடும்."

"பொம்மைடி இது," என்றேன்.

வலது கண்ணை வைத்தேன். இடது கண்ணை வைத்தேன். தூரிகையை எடுக்கவில்லை, இடி இடித்தது. சாதாரண இடி இல்லை. அந்த ஐப்பசி முழுக்க ஒரு சொட்டு மழை இல்லாமல் ஊரே வானத்தைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தது தங்களுக்குத் தெரியும். அந்த இடியோடு கொட்ட ஆரம்பித்த மழை, மறுநாளும் அதற்கு மறுநாளும் விடாமல் கொட்டி, ஏரி நிரம்பிக் கலிங்கு வழிந்த பிறகுதான் நின்றது. பட்டணத்துப் பாதை முழுகிப்போய்ப் போட்டோக்காரர் வரவில்லை. ஆனால் ஊர் வந்துவிட்டது. வாசகசாலையைத் திறந்த நாளில்கூட எட்டிப் பார்க்காதவர்கள் கோணிச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து, என் தாழ்வாரத்தில், என் மையில் கண் திறந்த குதிரையின் முன்னால் விழுந்து விழுந்து கும்பிட்டார்கள்.

அய்யனார் கோயிலுக்குக் குதிரை செய்து, சூளை போட்டு, கண் திறந்து, பூசையும் செய்கிற குயவர் பலராமனை அழைத்து வந்தார்கள். அவர் வந்து இது வெறும் பொம்மை என்று சொல்லிவிடுவார், தொல்லை விட்டது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அவர் குதிரையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"கண்ணு யாரு வச்சது?"

"நான்தான். போட்டோவுக்காக..."

"போட்டாவோ கீட்டாவோ. யாரு கண்ணு தொறந்தாங்களோ அவங்க கையாலதான் பூசை. இனிமே நீதான்பா பூசாரி. கவிச்சி ஆகாது. கருவாடு வாடகூட ஆகாது."

"சரி, இதைச் சூளையில வெச்சுச் சுட்டு ஏரிக்கரைக்கே கொண்டுபோயிடுங்க," என்றேன்.

பலராமன் காதைப் பொத்திக்கொண்டார். "இன்னா பேச்சு பேசற மணவாளா? சுட்டப்புறந்தான் கண்ணு தொறக்கிறது. கண்ணு தொறந்ததை உசிரோட கொண்டுபோயி நெருப்புல வைக்கச் சொல்றியா? உம் பெத்த புள்ளைய வைப்பியா?"

கூட்டம் என்னைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. ஆகச் சுடவும் முடியாது, பச்சை மண்ணாகையால் ஊர்வலமாகத் தூக்கிப்போகவும் முடியாது, தாழ்வாரத்தில் சாரல் அடிப்பதால் அங்கேயே விடவும் முடியாது என்று ஆகி, தெருவில் உள்ள ஆண்பிள்ளைகள் சேர்ந்து அடியில் இருந்த பலகையோடு அதைக் கூடத்துக்குள் தூக்கி வந்தார்கள். கிழக்குப் பார்த்து நிற்கவேண்டும் என்று பலராமன் நடுக்கூடத்தைக் காட்டினார். அந்த இடத்துக்கு நேர் மேலேதான், நான் தங்களுக்கு எத்தனையோ கடிதத்தில் எழுதிய, தாங்கள் ஒரு கடிதத்திலும் பதில் எழுதாத, அந்த உடைந்த ஓடு இருக்கிறது. அதைச் சொன்னேன். "சாமி தலைமேல ஓடு ஒழுவுமா?" என்று அதட்டினார். என் சாய்வு நாற்காலி மூலைக்குப் போயிற்று. தாங்கள் அனுப்பிய புத்தகங்களெல்லாம் கன்றுத்தோல் அட்டை போட்டவை, சாமி இருக்கிற இடத்தில் செத்த மாட்டுத் தோல் ஆகாது என்று அவற்றை வாரி மாட்டுக்கொட்டகைப் பரணில் போட்டார்கள். மாட்டுத் தோலுக்கு மாட்டுக்கொட்டகை பொருத்தம்தானே என்று கொம்மூன் கவுன்சிலர் ஒருவர் என்னைத் தேற்றினார். இப்போது நம் வாசகசாலையில் புத்தகத்தைத் தவிர மற்ற எல்லாம் இருக்கிறது.

அதற்குமேல் சாமி வந்து இறங்க ஆரம்பித்துவிட்டது. வியாழக்கிழமை வந்த குதிரையாகையால் வியாழக்கிழமைதோறும் இறங்கும். பலராமன் மேலேதான் இறங்கும், குதிரைமேல் ஏறிவருகிற முனி என்று சொல்லிக்கொள்ளும். முதல் வாரமே கூட்டத்தில் நின்ற உலகநாதனைப் பார்த்து, "இன்னாடா ஒலகநாதா! ஊருக்கெல்லாம் ஊத்தறியே, எனக்கு ஒரு பானை ஊத்தமாட்டியா?" என்று கேட்டது. கொம்மூனில் குத்தகை எடுத்தவன் காவல் தெய்வத்துக்கு முதல் பானை படைப்பது பழைய வழக்கம் என்று பெரியவர்கள் ஆமோதித்தார்கள். மறுத்தால் கடையில் இடி விழும். உலகநாதன் முகத்தைச் சுளித்துக்கொண்டு பானையைக் கொண்டுவந்து இறக்கினான். சாமி வாசனையை மட்டும் எடுத்துக்கொண்டது. மிச்சத்தைப் பலராமனும் பெரியவர்களும் எடுத்துக்கொண்டார்கள். அன்று முதல் வியாழக்கிழமைகளில் உலகநாதன் கடையில் ஈ ஓட்ட ஆள் இல்லை. வாசகசாலையில் நிற்க இடம் இல்லை. நான் பூசாரியாக மணி அடித்துக்கொண்டு, மேல்சட்டை இல்லாமல், குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்கிறேன். சாமிக்குச் சாராயம் ஆகுமாம், பூசாரிக்குக் கெளுத்திமீன் ஆகாதாம். நல்லவாட்டுக் கடற்கரையில் இருந்து மீன் கூடை தூக்கி வருகிற அம்மாள் என் வீட்டு வாசலுக்கு வந்ததும் குரலை உயர்த்துகிறாள். தங்கள் தங்கையோ, "பூசாரிக்குத்தான் ஆகாது, எனக்கும் புள்ளைங்களுக்கும் இன்னா வந்துது?" என்று வஞ்சிரத்தை வறுத்து வைத்துக்கொண்டு என் எதிரிலேயே சாப்பிடுகிறாள். தாங்கள் இரண்டு வரி எழுதிக் கண்டிக்க வேண்டும்.

இப்போது சொல்லப்போவதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. சாமி உள்ளே வந்த பிறகும் வியாழக்கிழமைகளில் பிள்ளைகள் வருவது நிற்கவில்லை. காலையில் அவர்கள், சாயங்காலம் முனி. ஒருநாள் காலை சின்னபொண்ணு வாசற்படியில் நின்று குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குதிரையின் காதில் ஒரு விரிசல் விட்டிருந்தது. கொஞ்சம் ஈரமண் வைத்துத் தடவினால் சரியாகிவிடும் என்று, மண்ணை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு படியில் ஒரு காலை வைத்தாள். தெருவில் போய்க்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் "ஏய்!" என்று கத்திய கத்தலில் என் கையில் இருந்த மணி கீழே விழுந்தது. அவள் காலை எடுத்துக்கொண்டாள்.

"நான்தான செஞ்சேன்?" என்று என்னைக் கேட்டாள்.

"செஞ்சது நீதான். இப்ப அது சாமிடி," என்றேன்.

"நீங்கதான ஆண்டே கண்ணு வச்சீங்க?"

நான் குனிந்து மணியை எடுத்துக்கொண்டேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, மீன் இல்லாததால் என்று தங்கள் தங்கை நினைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் பார்த்தால் தாழ்வாரத்துப் பிள்ளைகள் செய்த ஒரு மிருகத்துக்கும் கண் இல்லை. யானை, கரடி, ஒட்டைச்சிவிங்கி, மாடு எல்லாம் வெறும் முகத்தோடு வரிசையாக நின்றன. கூடத்துப் பிள்ளைகளும் அதைப் பார்த்து அப்படியே செய்தார்கள். ஏன் என்று கேட்டேன். "கண்ணு வச்சா உள்ளார தூக்கினு பூடுவாங்க. அப்புறம் நாங்க தொடக்கூடாதும்பாங்க," என்றாள் சின்னபொண்ணு, என் முகத்தைப் பார்க்காமலே.

பட்டணத்துப் போட்டோக்காரர் போன வாரம் ஒருவழியாக வந்து சேர்ந்தார். போட்டோவை இத்துடன் வைத்திருக்கிறேன். நடுவில் மாலையோடு இருப்பது குதிரை. பக்கத்தில் விபூதியோடு இருப்பது பலராமன் அல்ல, நான். முன்னால் இருப்பது பசைத் தவலை அல்ல, உலகநாதனின் பானை. புத்தகம் ஒன்றும் தெரியவில்லையே என்று தேட வேண்டாம், காரணம் மேலே எழுதியிருக்கிறேன். ஓரத்தில் வாசற்படிக்கு வெளியே தெரிகிற தலைகள் பிள்ளைகள். அவர்கள் முன்னால் இருக்கிற மிருகங்களுக்குக் கண் இல்லாததைப் பார்த்துப் பிள்ளைகள் சோம்பேறிகள் என்று நினைக்க வேண்டாம்.

இந்தப் போட்டோவைப் பார்த்துத் தாங்கள் கண்ணீர் விடுவீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆகையால் தாங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். வாசகசாலை என்னால் ஆகாது. உலகநாதன் தினமும் வந்து, "சாமிய ஏரிக்கரைக்கு அனுப்பிட்டு சாவியக் குடுப்பா, வாடகையாவது ஒழுங்கா வரும், உங்க மச்சானுக்கும் சந்தோஷம்," என்கிறான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சாராயம் எப்படியும் இங்கேதான் ஊற்றுகிறார்கள். ஊற்றுகிறவன் பேரில் கடை இருந்தால் கணக்காவது சரியாக இருக்கும். நான் கவுரவக் காரியதரிசி பதவியை இதன்மூலம் ராஜினாமா செய்கிறேன். சாமியை அனுப்புகிற வழியைப் பலராமன் சொன்னதும் சாவியை உலகநாதனிடம் கொடுத்துவிடுகிறேன். சாய்வு நாற்காலியை மட்டும் என் ஞாபகார்த்தமாக நானே வைத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும். பிள்ளைகள் மறுபடி மாடு மேய்க்கப் போவார்கள், அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

தங்கள் குடும்பத்தார் எல்லோருக்கும் எங்கள் அன்பும், குழந்தைகளுக்கு ஆசீர்வாதமும். தாங்கள் கடல் கடந்த சீமையிலும் நம் மண்ணை மறவாமல் நீடூழி இருக்கவேண்டுமென்று, இங்கே அந்த மண்ணுக்கே பூசை செய்துகொண்டிருக்கும்,

தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
மணவாளன்
(மாஜி கவுரவக் காரியதரிசி)

பின் குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் தள்ளிவிடவும். ராஜினாமா வாபஸ். கையெழுத்துப் போட்டுக் கடிதத்தை மடிக்கும்போது பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. காலையில் வாசகசாலையைத் திறந்தால் கூடத்தின் நடுவில் மாலை மட்டும் கிடந்தது, அதன்கீழே சேறு. அந்த உடைந்த ஓடு தன் வேலையைப் பார்த்துவிட்டது. பலராமன் வந்து பார்த்துவிட்டு, "சாமி மலையேறிடுச்சு" என்று தோளைத் துண்டால் தட்டிக்கொண்டு போய்விட்டார். சேற்றை யார் அள்ளுவது என்று கேட்டேன். நேற்றுவரை அதன் காலில் விழுந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, செத்ததை அள்ளுவது எங்களுக்கு வழக்கமில்லை, சேரியில் சொல்லிவிடு என்றார்கள். ஆக, உயிரோடு இருந்தபோது தொடக்கூடாது என்ற கையைத்தான் செத்த பிறகு கூப்பிட்டார்கள். சின்னபொண்ணும் மற்றப் பிள்ளைகளும் வந்தார்கள். படியைத் தாண்டி உள்ளே வந்தார்கள். யாரும் "ஏய்" என்று கத்தவில்லை. அவள் சேற்றைக் கூடையில் அள்ள ஆரம்பித்தவள், நடுவில் நிறுத்தி, அங்கேயே கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஏதோ பிடிக்கத் தொடங்கிவிட்டாள். மற்றதுகளும் உட்கார்ந்துவிட்டன. இன்றைக்கு வியாழக்கிழமை என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அந்த நேரம் பார்த்து உலகநாதன் வந்து வாசலில் கையை நீட்டினான். "சாமிதான் பூடுச்சே, இனிமே இன்னா? சாவியக் குடு." நான் சாவியை இடுப்பில் இருந்து எடுத்துக்கூட விட்டேன், மச்சான், பொய் சொல்லமாட்டேன். அப்போது சாரல் படாத சுவரோரமாக வரிசையாக நிற்கிற கண்ணில்லாத மிருகங்கள் என் பார்வையில் பட்டன. யானை, கரடி, ஒட்டைச்சிவிங்கி, எத்தனை மாடுகள்! சாவியை மறுபடியும் செருகிக்கொண்டு, மேஜைமேல் இருந்த தூரிகையை எடுத்து நீல மையில் தோய்த்தேன். "உலகநாதா, இன்னும் ஒரு அடி எடுத்து வெச்சே, இத்தனைக்கும் கண்ணு வெச்சுடுவேன். ஒவ்வொண்ணுக்கும் வாராவாரம் ஒரு பானை. யோசிச்சுக்கோ," என்றேன். அவன் வரிசையை ஒரு பார்வை பார்த்தான். மனசுக்குள் பானைகளை அடுக்கிப் பார்த்திருக்க வேண்டும். "உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்குதுபா," என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினான். அவன் தெருமுனை திரும்பும்வரை நான் தூரிகையைக் கீழே வைக்கவில்லை.

சின்னபொண்ணு தான் செய்துகொண்டிருந்ததன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு, "நெஜமா வச்சிடாதீங்க ஆண்டே," என்றாள். மைப்புட்டியை மூடிவிட்டேன், ஆனால் இது உலகநாதனுக்குத் தெரிய வேண்டாம். தாங்கள் அவனுக்குக் கடிதம் எழுதினால் நான் மைப்புட்டியை மூடிவிட்டதை எழுதிவிடாதீர்கள். புத்தகங்களைப் பரணில் இருந்து நானே இறக்கிவிட்டேன், கரடிப் புத்தகத்தைக் கரையான் அரித்திருக்கிறது. கூரையின் அந்த உடைந்த ஓட்டை மாற்றச் சொல்லி இனிமேல் எழுதமாட்டேன், அது அப்படியே இருக்கட்டும். மத்தியானம் பெரியவர் இருவர் வந்து, இந்தப் பிள்ளைகள் ஏன் இன்னும் உள்ளே இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். சேறு அள்ளுகிறார்கள் என்று சொன்னேன். அடுத்த வியாழக்கிழமை வந்து கேட்டாலும் அதையே சொல்வதாக உத்தேசம். சேறு நிறைய இருக்கிறது, சீக்கிரத்தில் தீராது.

மணவாளன்
(கவுரவக் காரியதரிசி)